ஈரத்துக்கு இரண்டு கிலோ

"எங்க ஊட்டுல உனக்கு என்ன வேணும்? இப்பவே சொல்லிப்போடு. கல்யாணத்துக்கப்புறம் கேட்டா எனக்குக் காது கேக்காது."

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆனா உங்ககிட்டக் கேக்க மாட்டேன்."

"பின்ன ஆருகிட்டக் கேப்ப?"

"உங்க அப்பாகிட்ட."

"அவரு இன்னும் உன்ற மொகத்தையே பாக்கலையே, புள்ள."

"பாக்கட்டும். அதுக்கப்புறம் கேக்கேன்."

ஐந்து வருடங்களுக்கு முன்னால், மூணாறு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிறுத்தியிருந்த பிக்கப் வண்டிக்குள் நடந்த பேச்சு இது. வண்டி முழுக்க மாங்காய் வாசம். மறுநாள் இருவருக்கும் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். அவள் மோனிஷா, எஸ்டேட் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள், தேயிலைத்தூள் விற்கும் கடையில் கவுண்டரில் நின்றவள். அவன் சிவப்பிரகாஷ், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே பதினோரு ஏக்கர் தோட்டத்துக்காரரின் ஒரே மகன். ரிசார்ட்டுகளுக்கு மாங்காய் கொண்டுவந்தவன், தேயிலைத்தூள் வாங்க வந்து, வாரம் தவறாமல் வாங்கி, வீட்டில் யாரும் டீ குடிப்பதில்லை என்ற உண்மையை ஒன்பதாவது பொட்டலத்தில்தான் ஒப்புக்கொண்டான்.

அந்தப் பேச்சை அவனும் மறக்கவில்லை. நல்ல மனநிலையில் இருக்கும்போது, "கேட்டுட்டியா?" என்பான்.

"இன்னும் இல்ல."

"என்னன்னு எனக்காவது சொல்லேன்."

"சொன்னா நீங்களே போயி அவருகிட்டப் பேசிருவீங்க. அப்புறம் நான் கேட்டதா ஆகாது."

மாமனார் அப்புசாமி அவள் முகத்தைப் பார்க்க ஒரு வருடம் ஆயிற்று. பேரன் பிறந்த பிறகு பார்த்தார். பார்த்ததிலிருந்து ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "அம்மணி" என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தில் பப்பாளி பழுத்தால் முதல் பழம் அவள் கைக்குத்தான் வரும். மலையிலிருந்து வந்தவளுக்கு வெயில் ஆகாது என்று அவர்கள் அறைக்கு மட்டும் கூலர் வாங்கிப் போட்டார். ஆனால் அவளுடைய அம்மா மூக்கம்மாளை அவர் இன்றுவரை ஒரு முறைகூடப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அழைத்ததில்லை. "அந்தம்மா" என்பார். அதிகம் போனால் "எஸ்டேட்டம்மா."

பேரனுக்குக் காது குத்திய நாளில் மூக்கம்மாள் வெள்ளியில் அரைஞாண், ஒரு மூட்டை அரிசி, இரண்டு சீப்புப் பழம் எல்லாவற்றையும் மூன்று பஸ் மாறிச் சுமந்துகொண்டு வந்தாள். சீர்த் தட்டை வாங்கி வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில், களத்தை ஒட்டி வேலையாட்கள் சாப்பிடும் கொட்டகையான சாளைக்கு அவளாகவே போய்க் கடைசி இலையில் உட்கார்ந்தாள். அங்கே உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை. கையில் குழந்தையோடு அடுப்படி ஜன்னலில் நின்று அதைப் பார்த்த மோனிஷா, கேட்க வேண்டியதை அன்றைக்கே கேட்டிருக்கலாம். வீடு நிறைய உறவுக்காரர்கள். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

அதற்கப்புறம் அம்மா இந்தப் பக்கம் வரவே இல்லை. கேட்டால், "பஸ்ல வாந்தி வருதுட்டி" என்பாள். முப்பத்திநாலு வருடம் மலைச் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து கிள்ளியவளுக்கு பஸ்ஸில் வாந்தியாம்.

மகள் போக முடியாத மாதங்களில் காய்கறி போகத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை மூணாறுக்குப் போன கணவனிடம் மோனிஷா அம்மாவுக்கென்று ஒரு பை நிறையக் காய் கொடுத்தனுப்பினாள். அம்மா அதை லயத்தில் நாலு வீட்டுக்குப் பங்கு வைத்தாள். அடுத்த வாரம் அந்த நாலு வீடும் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்தது. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சுற்றிலும் பச்சைதான், ஆனால் அதில் ஒன்றையும் குழம்பு வைக்க முடியாது. பஜாரில் காய் டூரிஸ்ட் விலைக்கு விற்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் போனால் விலை குறையும், ஆனால் அப்போது மிஞ்சியிருப்பது வதங்கியதும் அழுகியதும்தான்.

இப்படித்தான் சனிக்கிழமைப் பை பிறந்தது. ஐந்து கிலோ காய், ஒரு கிலோ பழம், கொஞ்சம் கீரை. எல்லாப் பைக்கும் ஒரே விலை, முந்நூறு ரூபாய். திங்கட்கிழமை போனில் ஆர்டர், வெள்ளிக்கிழமை பறிப்பு, சனிக்கிழமை விடியலில் வண்டி. பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர் என்று ஏறி, பத்து மணிக்கெல்லாம் லயத்துக்குப் போய்விடும். சுற்றுப்பட்டுத் தோட்டங்களிலிருந்து நாலைந்து பெண்களும் காய் கொடுத்தார்கள். இருபது வீடு நாற்பதாகி, அறுபத்துநாலு வீடானபோது, இங்கேயே பையில் போட்டுக் கட்ட ஆளும் நேரமும் போதவில்லை. பிளாஸ்டிக் கிரேட்டோடு மேலே அனுப்பிவிடுவது, லயத்துப் பெண்களே நிறுத்துப் பிரித்துக்கொள்வது, நிறுவைப்படி காசு அனுப்புவது என்று மாற்றினார்கள். தராசு மூக்கம்மாள் கையில் போயிற்று.

வினையும் அங்கேதான் பிறந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்புசாமி காலிக் கிரேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றின் அடியில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு காகிதம் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

"அம்மணி, இங்க வா. இது ஆரு எழுத்து?"

மோனிஷாவுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. இதற்கு முந்திய இரண்டு வாரக் காகிதங்களையும் அவள் யார் கண்ணிலும் படாமல் எடுத்துத் தன் பர்ஸில் வைத்திருந்தாள். இது எப்படியோ தப்பிவிட்டது.

"எங்கம்மா எழுத்துங்க மாமா."

"வெண்டைக்காய் முப்பத்திமூணு, ஈரம் ரெண்டு. பயறு இருபத்தியெட்டு, ஈரம் ரெண்டு. இதென்ன ஈரம்?"

"காய் நனைஞ்சிருந்தா தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்கங்க. எஸ்டேட்ல கொழுந்து நிறுக்கிறப்ப அப்படித்தான். அதே பழக்கத்துல..."

"இது கொழுந்தில்லை. அப்புசாமி தோட்டத்து வெண்டைக்காய்." அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிறவர். "அப்போ நான் தண்ணியைத் தூக்கி நிறுத்து விக்கிறேன்னு சொல்றாங்களா அந்தம்மா?"

அடுப்படியிலிருந்து மாமியார் காளியாத்தாள் ஈரக்கையோடு வெளியே வந்தாள். "தண்ணி தெளிச்சு சாக்குப் போட்டு மூடுனது நானுங்க. அஞ்சு மணி நேரம் போகோணுமே, வதங்கிப்போகுமேன்னு. திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க."

"நீ சித்த சும்மா இரு." காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அந்தம்மா எனக்குப் போன் பண்ணி, எழுதுனது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொல்ற வரைக்கும் என்ற தோட்டத்துல இருந்து ஒரு காய் மலையேறாது. வெள்ளிக்கிழமை பறிக்கிறது அத்தனையும் சந்தைக்குப் போகுது. மண்டியில சொல்லிப்போடறேன்."

அன்று மாலை மோனிஷா அம்மாவைப் போனில் பிடித்தாள். மாமனார் வீட்டில் இருந்து இருந்து நாக்கில் ஏறியிருந்த 'ங்க' எல்லாம் அம்மாவிடம் பேசும்போது உதிர்ந்துவிடும்.

"ஏம்மா, இந்த வாரமும் ஈரத்துக்குக் கழிச்சியா?"

"கழிச்சேன். நனைஞ்சிருந்துச்சு, கழிச்சேன். ஏன், உங்க மாமனாரு குதிக்காராக்கும்?"

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

மறுமுனையில் டி.வி. சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. தம்பி ஈஸ்வரனிடம் அதைக் குறைக்கச் சொல்லிவிட்டு அம்மா பேசினாள்.

"ஏட்டி, முப்பத்திநாலு வருசம் எங்கிட்டக் கழிச்சானுவ. மழையில நனைஞ்சது கொழுந்தா நானான்னு பாக்காமக் கழிச்சானுவ. சுள்ளுன்னு வெயில் அடிக்கிற அன்னைக்கும் பழக்கத்துல கழிச்சானுவ. நான் அப்படிச் செஞ்சேனா? நனைஞ்சதுக்கு மட்டுந்தான் எழுதுனேன். அறுபத்திநாலு வீட்டுக்காரியும் சுத்தி நிக்கா, அவளுவ கண்ணு முன்னாடி நிறுத்தேன். இப்பப் போயி தப்புன்னு சொன்னா, அவளுவகிட்ட நான் பொய் நிறுத்தேன்னு ஆவாதா?"

"காய் வரலைன்னா?"

"வரலைன்னா பஜாருக்குப் போவோம், முன்னப் போன மாதிரி. ஆனா தண்ணியத் தண்ணின்னுதான் எழுதுவேன், பாத்துக்க." அப்புறம் சிரித்தாள். "அவருக்கு மனசு ஆறலைன்னா ரெண்டு முருங்கைக்காய் கூட வச்சு எழுதுதேன்னு சொல்லு."

மோனிஷாவுக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு, இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்தபோது போய்விட்டது.

சிவப்பிரகாஷ் அவளை மோட்டார் ரூமுக்கு அருகில் பிடித்துக்கொண்டான். "ஏ மோனி, அத்தை ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. மனசுக்குள்ள என்னமோ நினைச்சுக்கட்டும். அவரு வயசு எழுபத்தியொண்ணு. இனி அவரு மாறுவாரா?"

"எங்கம்மாவுக்கு அம்பத்தொம்பது. அந்த வயசுல மாறலாமோ?"

"அதுக்கில்லை..."

"நீங்க உங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நனைஞ்ச காய் நனைஞ்ச காய்தானேப்பான்னு."

அவன் ஸ்பேனரை எடுத்து, ஒழுகாத ஒரு பைப்பை இறுக்கத் தொடங்கினான். அவனை நன்றாகத் தெரிந்தவள் அவள். நல்லவன், அன்பானவன், அப்பா முன்னால் மட்டும் பத்து வயதுப் பையன். இருக்கிற நட்டையெல்லாம் இறுக்கி முடிக்கும்வரை நிமிர மாட்டான். அவள் திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல ஆர்டர்கள் வந்து விழுந்தன. யாருக்கும் எதுவும் தெரியாது, அம்மா சொல்லியிருக்கவில்லை. 'தக்காளி ஒரு கிலோ கூட வேணும்.' 'போன வாரப் பாகக்காய் ஒரே கசப்பு, ஆனா இன்னும் வேணும், எங்க வீட்டுக்காரருக்கு சுகர்.' 'எம் மருமவ முழுகாம இருக்கா, எம் பையில பப்பாளி வேண்டாம், கொய்யா போடு.' ஒவ்வொன்றையும் படித்து, 'சரி அக்கா', 'சரி சித்தி' என்று பதில் போட்டுக்கொண்டே வந்தாள். அறுபத்துநாலாவது 'சரி'யைப் போட்ட பிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. ஒரு சனிக்கிழமை வண்டி வராவிட்டால் போதும். பஜார் கடைக்காரன் ஏற்கனவே, "அதெல்லாம் ரெண்டு மாசக் கூத்து, நின்னுபோகும், அப்புறம் இங்கதான் வரணும்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் வாயில் போய் விழ அவளுக்கு இஷ்டமில்லை.

வியாழக்கிழமை அக்கம்பக்கத் தோட்டங்களுக்குப் போனாள். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், பேச்சை மாற்றினார்கள். பங்காளி வீட்டு மருமகள் நர்மதா மட்டும் நேராகச் சொன்னாள்.

"அக்கா, உங்க மாமனாரு திங்கக்கிழமையே எல்லா ஊட்டுக்கும் போன் போட்டுட்டாரு. எங்க ஊட்டுல இருக்கறவரு ஆமாங்க பெரியப்பான்னு தலையாட்டுனாரு. போன்ல தலையாட்டுனா அவருக்குத் தெரியுமான்னு நான் கேட்டேன், அதுக்கு என்னைய மொறைக்கறாரு."

"ஒரு கிரேட்டாவது குடுக்க முடியாதா நர்மதா?"

நர்மதா பின்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தோட்டத்துக் காய்க்குத்தான் தடை. வேலியோரம் நாலு முருங்கை நிக்குது, ரெண்டு கறிவேப்பிலை நிக்குது. அதைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து ஒடிச்சுக்குங்க."

"அறுபத்திநாலு ஊட்டுக்கும் முருங்கைக்காயா?"

"சாம்பார் வைக்கட்டும். வண்டி வந்துச்சுல்ல?"

வண்டி வந்தது என்று இருக்க வேண்டும். அதுதான் விஷயம். மோனிஷா அன்று வீட்டுக்குத் திரும்பும்போது முடிவு பண்ணிவிட்டாள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மட்டும்தான் கிடைக்கும் என்றால், அதை மட்டும் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை போவாள். கணவன் ஓட்டாவிட்டால் வாடகை வண்டி பிடிப்பாள். லயத்தின் முன்னால் நின்று நடந்ததைச் சொல்வாள். அவர்கள் சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பறிப்பு தொடங்கியது. மோனிஷாவும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வெண்டைப் பாத்தியில் இறங்கினாள். அப்புசாமி வரப்பில் நின்றார்.

"நீ எதுக்கு எறங்குன? இது சந்தைக்குப் போகுது."

"எங்க போனாலும் பறிக்கத்தானே வேணும்ங்க."

அவர் அடுத்த பாத்திக்கு நடந்தார். காளியாத்தாள் வாளியில் தண்ணீரோடு வந்தவள், சந்தைக்குத்தானே, பத்து மைல் கூட இல்லையே என்று திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். எட்டு மணிக்குள் பன்னிரண்டு கிரேட் நிறைந்தது. பனி காய்ந்து, காய்கள் மொறமொறவென்று உலர்ந்து கிடந்தன. சிவப்பிரகாஷ் வண்டியை எடுத்தான். அப்புசாமி முன்னால் ஏறினார். கதவைச் சாத்தப் போனபோது, பின்னால் கிரேட்டுகளுக்கு நடுவே மருமகள் ஏறி உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தார்.

"எங்க போற?"

"சந்தைக்குங்க."

"நம்ம ஊட்டுப் பொம்பளைக ஆரும் மண்டிக்குள்ள வந்ததில்லை."

"காய் போகுதேங்க. நான் பறிச்ச காய்."

அவளை இறங்கச் சொல்ல வேண்டுமானால் ஆட்கள் முன்னால் சத்தம் போட வேண்டும். அது அவருக்கு வராது. "எட்றா வண்டியை" என்றார் மகனிடம்.

மண்டியில் சத்தம் காதைப் பிளந்தது. ஏலம் கூவுகிறவர்கள், சுமை இறக்குகிறவர்கள், லாரி ஹாரன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒருத்தி வண்டியிலிருந்து குதித்து இறங்கியதும் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சிரித்தார். "ஏனுங்க அப்புசாமியண்ணா, மருமகளை மேஸ்திரி வேலைக்கு வச்சிருக்கீங்களாட்ட இருக்குது?"

அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நிறுக்கிறவன் பெயர் பிஜு. மலையாளத்துக்காரன், தமிழ் நன்றாகப் பேசுவான். முதல் கிரேட்டை மின்தராசில் வைத்தான். கிரேட் எடை போக முப்பத்தியொன்று என்று சிவப்பு எண் நின்றது. பிஜு அதைப் பார்த்துக்கொண்டே, "இருபத்தியொம்பது" என்று எழுதுகிறவனிடம் கூவினான்.

மோனிஷா எண்ணைப் பார்த்தாள். பிஜுவைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ, ஏலம் நடக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாக இந்த இடத்தில் இந்த நொடியில் வேறு எங்கோ பார்த்துப் பழகிய முகம் அது.

"முப்பத்தியொண்ணுன்னு காட்டுது," என்றாள்.

"கழிவு ரெண்டு, சேச்சி."

"எதுக்குக் கழிவு? காய் நனையலையே."

"நனையறதுக்கில்லை. பண்டு தொட்டே இங்க அப்படித்தான்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்தான்." பிஜு பாவம், அவன் கேள்வியே கேட்கப்படாத வேலையில் இருந்தவன். "வேணும்னா முதலாளிகிட்டக் கேளுங்க. நான் சொல்றதைச் செய்யறவன்."

மோனிஷா திரும்பினாள். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள்.

"மாமா, நம்ம காய் இன்னைக்கு நனைஞ்சிருக்குதுங்களா?"

அப்புசாமி பொய் சொல்லத் தெரியாதவர். அது ஒன்றுதான் அவரிடம் அவளுக்கு முதல் நாளிலிருந்து பிடித்தது.

"இல்லை," என்றார்.

"நனைஞ்சதுக்கு எழுதிக் கழிச்ச எங்கம்மா தப்புன்னு சொல்லணும்னீங்க. நனையாததுக்கு வாயில சொல்லிக் கழிக்கிற இவரை ஒண்ணும் கேக்க மாட்டேங்கறீங்க. இது எப்படீங்க மாமா?"

"பார்றா," என்றது கூட்டத்தில் ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். சிரித்தவனும் காய் கொண்டுவந்தவன்தான், அவனுடைய மூட்டையிலும் கழித்திருப்பார்கள், அது நினைவுக்கு வந்தாற்போல் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

மோனிஷா குனிந்து தராசிலிருந்த கிரேட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். முப்பத்தியொரு கிலோ, ஒற்றை ஆளாகத் தூக்க வராது. இழுத்தாள். ஒரு முனை தரையில் இடித்தது. "சேச்சி, சேச்சி" என்று பிஜு பதறினான்.

மறுபக்கத்தை ஒரு கை பிடித்தது. சிவப்பிரகாஷ். அப்பாவின் பக்கம் திரும்பாமல், அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, "ம், தூக்கு" என்றான். இருவரும் சேர்ந்து தூக்கி வண்டியில் வைத்தார்கள். கீழே இறக்கியிருந்த மற்றதையும் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். அவனுடைய காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அவனை இவ்வளவு அழகாக அவள் பார்த்ததே இல்லை, கல்யாணத்தன்று பட்டு வேட்டியில்கூட.

கடைசிக் கிரேட் ஏறும்வரை அப்புசாமி நின்ற இடத்தில் நின்றார். "என்னங்கண்ணா, திருப்பிக் கொண்டுட்டா போறீங்க?" என்று மண்டிக்காரர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். அப்புசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போய் வண்டியின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான்.

வண்டி வீட்டைப் பார்த்துத் திரும்பியது. பின்னால் காற்று முகத்தில் அறைய உட்கார்ந்திருந்த மோனிஷா கிரேட்டுகள் சரியாமல் பிடித்துக்கொண்டாள். பெரியவரைச் சந்தையில் நாலு பேர் முன்னால் நிறுத்திவிட்டோமே என்று ஒரு பக்கம் சுட்டது. செய்தது தப்பு என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் தோன்றவில்லை.

களத்தில் வண்டி நின்றதும் காளியாத்தாள் ஓடிவந்தாள். "என்ன, கொண்டு போனது அப்படியே வருது? சந்தை லீவா?"

"உன்ற மருமக லீவு விட்டுட்டா," என்றான் சிவப்பிரகாஷ்.

அப்புசாமி தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார். நிதானமாகத் துடைத்தார். கட்டிலில் உட்கார்ந்து, கிரேட்டுகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காளியாத்தாள் கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"பதினெட்டு வயசுல எங்கப்பன் கூட அந்த மண்டிக்குப் போனேன். அன்னைக்கும் கழிச்சானுக. எங்கப்பன் கேக்கலை. நானும் கேக்கலை. கேட்டா நம்ம கௌரவம் போயிரும்னு இருந்தோம்." சொம்பைக் கீழே வைத்தார். "சரி, உடு. ஒரு வாளி தண்ணி தெளிச்சு மூடச் சொல்லு. பை போகட்டும். அந்தம்மா கழிக்கறதைக் கழிக்கட்டும். போனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

காளியாத்தாள் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டாள். மருமகளைப் பார்த்துச் சிரித்தாள், போதும், இனி ஒன்றும் பேசாதே என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். அப்புசாமியும் மருமகளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கேட்டதைக் கொடுத்துவிட்ட ஒரு பெரிய மனிதரின் அயர்ச்சி இருந்தது.

"போதுமா, அம்மணி?"

மோனிஷா தலையாட்டியிருந்தால் அந்தக் காலை அங்கே முடிந்திருக்கும். பை போகும். அறுபத்துநாலு வீட்டிலும் அடுப்பில் காய் வேகும். அம்மா தராசின் பின்னால் நிற்பாள், 'அந்தம்மா'வாகவே நிற்பாள். அடுத்த வருடம் வேறொரு விசேஷம் வரும், மூன்று பஸ் மாறி வருவாள், அவளாகவே சாளைப் பக்கம் நடப்பாள்.

"போதாதுங்க மாமா," என்றாள்.

பின்னால் கிரேட்டைத் தூக்கியிருந்த சிவப்பிரகாஷ் அதை இறக்காமல் அப்படியே நின்றான். காளியாத்தாள், "மோனி, கண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"இன்னும் என்ன?" என்றார் அப்புசாமி.

"பை நாளைக்கு எப்படியும் போயிருக்கும்ங்க. உங்க காய் இல்லைன்னா முருங்கைக்காயோட போயிருக்கும். அதுக்காக நான் உங்ககிட்ட எதையும் கேக்கலைங்க. இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்தே உங்ககிட்ட நான் எதையும் கேட்டதில்லை."

"ஆமா. கேட்டதில்லை."

"இப்பக் கேக்கறேன்."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"நாளைக்கு வண்டியில நீங்களும் வாங்க. எங்க லயத்துக்கு வந்து, எங்கம்மா நிறுக்கிறதைக் கண்ணால பாருங்க. பாத்துட்டு, அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி, 'சம்பந்தி, நம்ம ஊட்டுக்கு வாங்க'ன்னு உங்க வாயால கூப்பிடுங்க. அவங்க வந்தா சாளையில இல்லைங்க மாமா, உள்ள, உங்க பக்கத்து இலையில உக்காத்தி வச்சுச் சோறு போடுங்க."